உள்ளங்கையில் ஒரு வீடு

போன வருட விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்த சாச்சாவின் மகன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பஞ்சில் சுற்றிய பத்துப் போர்வீரர்கள். ஒருவரும் என் பெருவிரல் உயரம்கூட இல்லை. ஆனால் கவசத்தில் கீறலும் சப்பாத்தில் சேறும் தெளிவாகத் தெரிந்தன. "கடையில வாங்கினதா?" என்று கேட்டேன். "வாங்கும்போது வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்தான் ராத்தா. வர்ணம் நான் தீட்டினது" என்றான்.

மேசை விளையாட்டுப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் இந்தப் பொழுதுபோக்கு நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அதன் வரலாறு நீண்டது. 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், படையினரின் பயிற்சிக்காக ஒரு மேசைப் போர் விளையாட்டை அறிமுகப்படுத்தினார். 1893இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெறுமையான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியதும் பொம்மைகளின் விலை குறைந்தது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வோர்ஸ்' என்ற நூலில் இந்த விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். உண்மையான போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதையும் அதே நூலில் அவர் வலியுறுத்தினார். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் மூண்டது. பின்னர் 1983இல் 'வோர்ஹமர்' என்ற விளையாட்டு வெளிவந்து, வர்ணம் தீட்டுவதையே தனிக் கலையாக வளர்த்தது.

இனி, செய்முறையைப் பார்ப்போம். முதலில் பொம்மையைச் சவர்க்கார நீரில் கழுவ வேண்டும். அச்சில் வார்த்தபோது ஏற்பட்ட கோடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு வர்ணம் ஒட்டிப்பிடிப்பதற்காக ஓர் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் அக்ரிலிக் வர்ணத்தை நீர் கலந்து மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாக ஒரு முறை பூசினால் நுணுக்கமான செதுக்கல்கள் மூடிப்போகும். மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே நல்லது.

அடுத்ததுதான் முக்கியமான படி. நம் சட்டை மடிப்பில் நிழல் விழுவதால்தான் அது மடிப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரணமாக 28 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு பொம்மையின் மடிப்பு மிகமிக ஆழம் குறைந்தது. அறை வெளிச்சத்தில் அங்கே தெளிவான நிழல் விழாது. எனவே நிழலையும் நாமே தீட்ட வேண்டும். நீர்த்த கருமையான வர்ணத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். பிறகு, பிரஷில் உள்ள வர்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் வெளிர் நிறத்தைத் தேய்த்தால் வெளிச்சம் வந்துவிடும்.

எனக்கும் ஆசை வந்தது. உம்மா ஒரு கேள்வி கேட்டார்: "உயிருள்ளவற்றின் உருவம் செய்யலாமா மகள்?" இதில் அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. பழைய முஸ்லிம் கைவினைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஈரானின் நிஷாப்பூரைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்கள் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் யானைக்குத் தும்பிக்கை இல்லை, அரசனுக்கு முகம் இல்லை. வெறும் வடிவங்களே உள்ளன. இந்தப் பொழுதுபோக்கிலும் வீடு, மதில், மரம் என்று விளையாட்டுக் களத்தை மட்டுமே செய்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு வீடு செய்வதென்று முடிவெடுத்தேன்.

எந்த வீடு? சோனகத் தெருவில் இருந்த உம்மும்மாவின் வீடு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பூட்டிவிட்டு வந்த வீடு. புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பியபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. அந்த வீட்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

அளவுக்குக் கணக்குப் போட்டேன். 28 மில்லிமீற்றர் பொம்மை என்பது ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. எனவே ஓர் அடி ஐந்து மில்லிமீற்றர் ஆகும். முப்பது அடி முன்சுவர் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் அடங்கும். அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரித்தபோது கிடைத்த நெளிவுகள் கூரை ஓடுகளாயின. பசை பூசிய அட்டையில் சலித்த மணலைத் தூவியபோது சுவர் கிடைத்தது. காணொளிகளில் பார்த்தபடி, பழமை தெரிய வேண்டும் என்று சுவரெங்கும் கரும்பழுப்பு நீரை ஓடவிட்டேன். பாசியும் கறையும் அச்சொட்டாக வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

உம்மும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது யார்ர வீடு?"

"உங்கட வீடு."

"என்ட வீடு இப்பிடி அழுக்கா இருக்கல்ல. ஒவ்வொரு பெருநாளைக்கும் சுண்ணாம்புல நீலம் போட்டு வெள்ளை அடிப்பம்."

அப்போதுதான் என் பிழை புரிந்தது. நான் செய்தது திரும்பி வந்தபோது கண்ட வீட்டை. அவர் நினைவில் வைத்திருப்பது அங்கே வாழ்ந்த வீட்டை.

மறுபடியும் தீட்டினேன். வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கலந்து மெல்லியதாக மூன்று பூச்சு. நிழலை ஓட்டின் கீழும் திண்ணை ஓரத்திலும் மட்டும் விட்டேன். உம்மும்மா பக்கத்தில் இருந்து சொல்லச்சொல்ல, கிணறு பின்பக்கம் போனது, மாதுளை மரம் வாசலுக்கு வந்தது. வழமையில் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் "அத விடுங்க" என்பவர், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை சொன்னார். கதவின் உயரம் மூன்று சென்ரிமீற்றர். அதைப் பச்சையாகத் தீட்டச் சொன்னார்.

பெற்றோரே, இதற்குப் பெரிய செலவில்லை. அட்டை, மணல், பசை, புத்தகக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வர்ணம், இரண்டு பிரஷ் போதும். தோழியரே, பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் கிழமைக்கு ஓரிரு மணித்தியாலம் ஒதுக்கினாலும் இரண்டு மாதத்தில் ஒரு வீடு எழும்பிவிடும். ஆனால் அந்த வீட்டின் நிறத்தைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இருந்தால், வர்ணம் வாங்குவதற்கு முன்னரே அவரிடம் கேட்டுவிடுங்கள்.