அக்கரை உலைகள் – 7: முனையிலிருந்து நேர் வடக்கே

பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் நின்று இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் எவரும் வடமேற்கே கையைக் காட்டி, கோடிக்கரை என்பார்கள். சரிதான். அந்தக் கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி நேர் வடக்கே நீட்டினால், இடையில் ஒரு தீவும் குறுக்கே வராது. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வெறுங்கடல். அதைத் தாண்டிக் கரையேறும் இடம் கல்பாக்கம். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நம்பாதவர்கள் படத்தில் அடிமட்டம் வைத்துப் பார்க்கலாம்.

சென்ற வாரம் கூடங்குளத்தில் நின்றோம். இலங்கையில் அணு உலைப் பயம் என்றால் அந்தப் பெயர்தான் வாயில் வரும். 2012இல் அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளத்தைப் பற்றித்தான் கவலை தெரிவித்தார். கல்பாக்கத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. கூடங்குளத்தின் முதல் உலைக்கு முப்பது வருடம் முன்பே, 1983 ஜூலையில், கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஜூலையில் எங்கள் பக்கம் எரிந்தது வேறு நெருப்பு. அதற்குப் பின் கால் நூற்றாண்டு, தொழிலுக்குக் கடலில் இறங்குவதற்கே தடையும் பாஸும் என்று அலைந்த சனம், அக்கரையில் என்ன கொதிக்கிறது என்று கேட்க நேரம் ஏது?

மின்சாரத்தின் அருமை தெரியாத ஊர் இல்லை இது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. ஆகவே, மின்சாரம் எதற்கு என்று கேட்கும் வசதியானவர்களின் பேச்சு எங்களுக்கு ஒட்டாது. எங்கள் கேள்வி வேறு: வாக்களித்த மின்சாரம் வந்ததா, அதற்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுப்பது?

கல்பாக்கத்தில் 2004 ஒக்ரோபரில் ஓர் அதிவேக ஈனுலைக்கு வேலை தொடங்கினார்கள். தான் எரிக்கும் எரிபொருளைவிடக் கூடுதலாகப் புதிய எரிபொருளை உண்டாக்கும் உலை அது. இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்திக் கனவின் இரண்டாம் கட்டம். 500 மெகாவோட், 3,492 கோடி இந்திய ரூபா, 2010இல் மின்சாரம் என்றார்கள். 2010 போனது. மதிப்பீடு 5,677 கோடியாக உயர்ந்தது, பிறகும் ஏறியது. எரிபொருள் ஏற்றும் வேலையின் தொடக்கத்தைப் பார்க்கப் பிரதமர் மோடி வந்தது 2024 மார்ச்சில்.

இந்த உலையைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். இதே வகையைச் சேர்ந்த யப்பானின் மொன்ஜு உலையில் 1995 டிசெம்பரில் சோடியம் கசிந்து தீப்பற்றியது. கசிவைவிடப் பெரிய ஊழல் அடுத்து வந்தது. கசிந்த இடத்தைப் படம்பிடித்த வீடியோவை உலையை நடத்தியவர்களே மறைத்தது அம்பலமானது. பதினாலு வருடத்துக்கு மேல் மூடிக்கிடந்து, 2010இல் கொஞ்சக் காலம் ஓடி, 2016இல் அதைக் கலைத்துவிட முடிவெடுத்தார்கள். பிரான்சின் சூப்பர்பீனிக்ஸ் அதற்கு முன்னமே கைவிடப்பட்டது. பணமும் பொறியியலும் குறைவில்லாத நாடுகள் விட்டுவந்த வழி இது.

வழமையான உலைகளின் கதையும் அவ்வளவு மேலில்லை. அளவுமானி பூட்டவே தேவையில்லாத மலிவு மின்சாரம் என்று 1954இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் ஆசைகாட்டினார். அந்த நாட்டின் ஜோர்ஜியாவில் வோக்டில் நிலையத்தின் இரண்டு புதிய உலைகள் ஏழு வருடம் பிந்தி, 3,000 கோடி டொலருக்கும் மேல் விழுங்கித்தான் முடிந்தன. தொண்ணூறுகளின் நடுவில் உலக மின்சாரத்தில் பதினேழு வீதத்துக்கு மேல் இருந்த அணுவின் பங்கு இப்போது ஒன்பது வீதம் அளவில் நிற்கிறது.

இனி ஆபத்து. 2004 டிசெம்பர் 26 காலை வடமராட்சிக் கரையில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே காலை, அதே அலை கல்பாக்கத்திலும் ஏறியது. கடல்நீர் இறைக்கும் பம்பு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினார்கள், அது பத்திரமாக நின்றது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. இரண்டு மாதம் முன்பு தொடங்கிய ஈனுலையின் அத்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பியது. அன்று உலை தப்பியதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அங்கே வேலை செய்தவர்களின் திறமை அது. ஆனால் ஆறு வருடம் கழித்துப் புக்குஷிமாவில் அதேபோல் அலை ஏறியபோது திறமை போதவில்லை.

சுனாமி கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாததும் உண்டு. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் எரிபொருள் மீள்பதப்படுத்தும் ஆலையில் ஆறு ஊழியர்கள் வரம்புக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். குறைந்த கதிரியக்கமுள்ள கழிவு என்று நினைத்து அவர்கள் கையாண்டது கடும் கதிரியக்கமுள்ளதாக இருந்தது. இந்திய அணுசக்தித் துறை அதை வெளியில் ஒப்புக்கொண்டது பல மாதம் கழித்து. உள்ளே வேலை செய்கிறவனுக்கே அந்தக் கதி என்றால், கடலுக்கு இப்பால் இருப்பவனுக்கு எப்போது சொல்வார்கள்? செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26இல் வெடித்தது. உலகத்துக்கு அது தெரிந்தது 28ஆம் திகதி, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக் கருவிகள் கத்தியதால். மொஸ்கோ தானாகச் சொல்லவில்லை. விபத்தை அயல்நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்திருக்கின்றன. கடதாசியில்.

முன்னூறு கிலோமீற்றர் தூரத்தில் நாங்கள் சாகப் போவதில்லை, அந்தப் பீதியை யாரும் கிளப்ப வேண்டாம். இந்திய உலைகளுக்கான வெளியேற்றத் திட்டமே 16 கிலோமீற்றர் சுற்றுவட்டத்தோடு முடிகிறது. ஆனால் காற்றும் நீரோட்டமும் அந்த வட்டத்தை மதிப்பதில்லை. சோளகம் ஓய்ந்து வாடை எழும் மாரிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி, இலங்கையின் கிழக்குக் கரை வரை ஓடுகிறது. சோளகக் காலத்தில் மற்றப் பக்கத்தால் வரும்: 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் குருணிகள் சில வாரத்தில் மன்னார்க் கரையில் ஒதுங்கின. வழியில் இருப்பது கூடங்குளம்.

கரைவதும் பரவுவதும் கதிரியக்கத்தை மெலியச் செய்யும். சந்தையை அது காப்பாற்றாது. செர்னோபிலிலிருந்து 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால், வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012 வரை நீங்கவில்லை. புக்குஷிமாவின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கிய 2023 ஓகஸ்டில் சீனா யப்பானின் கடலுணவு முழுவதையும் நிறுத்தியது. இங்கேயும் ஒத்திகை பார்த்தாயிற்று. 2020இல் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவியதும் நாடு முழுக்க மீன் விலை விழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் திலிப் வெதஆராச்சி ஊடகங்களின் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. கதிர்வீச்சு என்ற ஒரு சொல் பரவினால் பருத்தித்துறையில் ஏலம் கூறப்படும் பாரைக்கும் விளைமீனுக்கும் என்ன விலை கிடைக்கும்?

இழப்பீடு? கூடங்குளம் மின்சாரம் தரத் தொடங்கியபோது நடைமுறையில் இருந்த இந்தியாவின் 2010 அணுப் பொறுப்புச் சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபா என்று எல்லை கட்டியது. இந்திய மண்ணிலும் இந்தியாவின் கடலிலும் நேரும் சேதத்தை நினைத்து எழுதிய சட்டம் அது. 2016இல் இந்தியா சேர்ந்துகொண்ட சர்வதேச இழப்பீட்டு உடன்படிக்கையில் இலங்கை இல்லை. 2015 பெப்ரவரியில் டில்லியில் மைத்திரிபால சிறிசேனவின் வருகையின்போது கையெழுத்தான அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் பயிற்சி, அறிவுப் பரிமாற்றம், அனர்த்தத் தணிப்பு என்று பேசுகிறது.

கொழும்பும் சொந்தமாக உலை வேண்டும் என்று கனவு காண்கிறது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது, நுரைச்சோலையின் 300 மெகாவோட் அலகுகள் மூன்றும் நின்றன. அவ்வளவு சிறிய மின்வலையில் ஆயிரம் மெகாவோட் உலையை எங்கே செருகுவது? அந்தக் கனவை இப்போதைக்கு விடுவோம்.

மின்நிலையம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நஞ்சு விடும்போது அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். சுன்னாகம். அனல் மின்நிலையக் கழிவெண்ணெய் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, ஆறில்லாத குடாநாட்டின் கிணறுகளில் மிதந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பெரிய பாதிப்பில்லை என்ற தோரணையில் அறிக்கை தந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், 2019 ஏப்ரலில் நிலையத்தை நடத்திய நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் எனத் தீர்த்தது. எண்ணெய்க்கு மணமும் நிறமும் உண்டு, வாளியில் அள்ளினால் தெரியும். அப்படி இருந்தும் தீர்ப்பு வர வருடக்கணக்கானது. சீசியத்துக்கு மணம் கிடையாது.

ஆகவே கருவிதான் சாட்சி. இலங்கை அணுசக்தி அதிகாரிகள் கடற்படை முகாம்களில் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அவை காட்டும் அளவு கொழும்புக்குப் போகிறது. வடமராட்சிக் கடற்றொழிலாளர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள்: இழுவைப்படகுப் பிரச்சினையோடு பிரதேச செயலகத்துக்குப் போகும் அடுத்த முறை, இதையும் எழுதிக் கொடுங்கள். வடகரையில் எடுக்கும் கதிர்வீச்சு அளவு தமிழில், ஒவ்வொரு நாளும், மீன் சந்தையின் அறிவித்தல் பலகையில் வரவேண்டும். கடல்நீரும் மீனும் மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப்பட்டு முடிவு வெளிவர வேண்டும். ஒன்றும் நடக்காத காலத்து அளவு கையில் இருந்தால்தான், ஏதாவது நடந்தால் நடந்தது என்று நிரூபிக்கலாம், நடக்காவிட்டால் வதந்தியையும் அடக்கலாம்.

(அடுத்த வாரம்: எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது? கூடங்குளத்தில் உச்ச நீதிமன்றம் கொடுத்த கெடு.)