மயக்க ஊசி இல்லாமல் 'கரண்ட் ஷாக்' கூடாது! சட்டம் கண்டிப்பு
மனநோய் ஆஸ்பத்திரியில் 'கரண்ட் வைக்கிறாங்க' என்றாலே ஜனங்களுக்குக் குலை நடுங்கும். காரணம் உண்டு. முன்பெல்லாம் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, மயக்க ஊசி போடாமலே தலையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். உடம்பு வெட்டி இழுத்ததில் முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு.

1938-ல் ரோம் நகரில் தொடங்கிய சிகிச்சை இது. சோறு தண்ணீர் மறுத்து, சாகத் துணிந்த நோயாளிகளை இன்றும் காப்பாற்றுகிறது. ஆனால் முறைப்படி செய்ய வேண்டும்!

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-வது பிரிவு சொல்வது இதுதான்: மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் ஷாக் கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் காப்பாளர் சம்மதத்தோடு, மனநல வாரியத்தின் முன் அனுமதியும் கட்டாயம்.

சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் சொந்தக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'சார், மயக்க டாக்டர் வந்துட்டாரா?'