கடல் கடந்த வீட்டின் சிரிப்பு

பட்டினப்பாக்கத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் சன் டிவியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. மாமியார் மருமகள் சண்டை இங்கிருந்துதான் உலகத் தமிழர் வீடுகளுக்குப் போகிறது. அந்த வீடுகளின் சொந்தக் கதை திரைக்கு வந்ததோ வேறு வழியில்.

2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் கலிபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது. அப்பாவை இழந்த பள்ளி மாணவி தேவி, தோல் மருத்துவரான அம்மா நளினி, ஆராய்ச்சி மாணவி கமலா. பிள்ளையார் பூஜைக்கு அரைமனதோடு போகும் தேவியாக நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத் தமிழர் வீட்டுப் பெண். சுமார் 15,000 பேரில் தேர்வானவர். நான்கு பருவங்கள் ஓடி 2023இல் தொடர் முடிந்தது. வசனத்தில் தமிழ் சொற்பம்; அது குறைதான்.

கடல் கடந்து குடியேறிய குடும்பங்களைச் சிரிப்போடு திரைக்குக் கொண்டுவருவதில் பிரிட்டன் முந்திக்கொண்டது. 1976இல் வந்த ‘தி ஃபாஸ்டர்ஸ்’ அமெரிக்கத் தொடர் ஒன்றின் தழுவல். 1989இல் தொடங்கிய ‘டெஸ்மண்ட்ஸ்’தான் சொந்தச் சரக்கு: லண்டன் பெக்கமில் கயானா குடும்பம் நடத்தும் முடிதிருத்தும் கடை. எழுதியவர் டிரிக்ஸ் வொரல். இரண்டிலும் குடும்பத் தலைவராக நடித்தவர் நார்மன் பீட்டன்.

விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளை உங்களோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்: நளினியின் கண்டிப்பு மிகையா, நிஜமா?