காற்றை அளக்கும் ஊசி

இன்றைய காரில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 1962இல் இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரிக்கத் தொடங்கிய எம்.ஜி.பி. காரில் அந்த வேலையைச் செய்தது ஓர் ஊசி!

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய, சுமார் 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோல் கூடினால் கறுப்புப் புகை வரும். சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டுவிடும். குறைந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறி, வால்வுகள் கருகலாம்.

எம்.ஜி.பி.யில் இருந்தவை இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம் அது. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1910இல் தொடங்கிய நிறுவனம். அவர்களின் முதல் கார்புரேட்டர்களில் தோல் துருத்திதான் இருந்தது. காலணிக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்?

பின்னர் துருத்தியின் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. முடுக்கியை மிதித்தால், எஞ்சின் உறிஞ்சும் விசை இந்தப் பிஸ்டனை மேலே இழுக்கும். அதன் அடியில் பொருத்திய ஊசி, பெட்ரோல் வரும் ஜெட் துளையிலிருந்து எழும். ஊசியின் முனை மெலிந்து செல்வதால், எழ எழ இடைவெளி பெரிதாகும். அதிகக் காற்று வந்தால் அதிகப் பெட்ரோல். மின்சாரமே தேவையில்லை!

பழைய கார்புரேட்டரைப் புதுப்பிப்பவர்கள் முதலில் பார்ப்பது ஊசியை அல்ல, த்ராட்டில் தண்டை. அது தேய்ந்திருந்தால் ஓரத்தில் காற்று கசியும். அளக்கப்படாத காற்று உள்ளே புகும்போது, எவ்வளவு திருகினாலும் கலவை சரியாகாது. இதைக் கவனிக்காமல் நாள் முழுதும் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிஸ்டனும் தடையின்றி இறங்கி, ‘டக்’ என்று அமர வேண்டும்.

அடுத்தது சோதனை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிஸ்டனைச் சுமார் 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துவார்கள். ஊசியும் சற்று எழும். ஆனாலும் ஜெட்டின் மேல் உறிஞ்சு விசை குறைவதால், கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். அப்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால், முன்பு பெட்ரோல் அதிகம் இருந்தது என்று பொருள். எஞ்சின் அணையப் பார்த்தால், பெட்ரோல் போதவில்லை. ஒரு கணம் வேகம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால், கலவை சரி. திருத்த வேண்டுமானால், ஜெட்டின் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்ப வேண்டும். ஜெட் இறங்கினால் பெட்ரோல் கூடும், ஏறினால் குறையும்.

ஆனால், இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவில் காற்றை இழுக்காவிட்டால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அதனால், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இரண்டின் வாயிலும் மாறி மாறிப் பிடிப்பார்கள். ‘உஸ்’ என்ற ஒலி இரண்டிலும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, காரைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு. வெளிர் பழுப்பாக இருந்தால், பானெட்டை மூடிவிடலாம்.