பழைய காருக்கு வேகம் கூட்டுவதற்கு முன்: மண்ணெண்ணெயில் ஓடிய மைனர் சொல்லித்தந்த பாடம்

எங்கள் வீட்டில் நிற்பது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 சீசீ எஞ்சின். புதிதாக வந்தபோது அதன் வலு 37 குதிரைவலு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து எங்களைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார்தான். அன்று அது ஓடியது மண்ணெண்ணெயில்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதித்தபோதும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. இருக்கிற காரையே கொஞ்சம் வேகமாக ஓடச் செய்வோம் என்று யோசித்தேன். கையில் ஒன்றரை இலட்சம் ரூபாய் இருந்தது. இரட்டைக் காபரேற்றர், புதுச் சைலன்சர் என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கிழமையே பரந்தன் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போனது, கார் நிற்கவில்லை. றோட்டை விட்டு வயலுக்குள் இறக்கித்தான் தப்பினேன். பின் இருக்கையில் என் மகள் இருந்தாள்.

அப்பாவின் காலத்திலிருந்தே காரைப் பார்க்கும் மெக்கானிக் ஐயாவிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் அதை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, "தம்பி, ஓடுறதை விடும். முதல் இது நிக்குதோ எண்டு பாப்பம்" என்றார்.

பழைய மைனரில் நான்கு சில்லுக்கும் பிறேக் எண்ணெய் ஒரே வழியால்தான் போகிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருப்பதால் அது ஒழுகுவது கண்ணிலும் படாது. எங்கள் காரில் ஒழுகியது அதுதான். மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், றப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றினோம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

அடுத்தது ரயர். பூ தேயவில்லை என்று நான் நம்பியிருந்தேன். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது என்று அர்த்தம். எங்கள் ரயர்களுக்கு 14 வயது. பூ இருந்தாலும் றப்பர் இறுகி வெடித்திருந்தது. நான்கையும் மாற்றினோம். பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போய்விட்டது.

பிறகுதான் எஞ்சின். எதையும் வாங்கு முன் கொம்பிறஷன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் மானியைப் பொருத்தி அழுத்தத்தை அளப்பார்கள். குறைவாக இருக்கும் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அழுத்தம் கூடினால் தேய்ந்தது பிஸ்டன் றிங் அல்லது சிலிண்டர். கூடாவிட்டால் வால்விலோ காஸ்கற்றிலோ பிழை இருக்கலாம்.

எங்கள் காரில் நான்கு சிலிண்டரும் ஒரே அளவாகக் குறைவு. தலையைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு காஸ்கற்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றியது பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். அதைத் தவிர்க்க எங்கள் காரில் காஸ்கற் கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தையும் பிந்த வைத்திருக்கிறார்கள். பெற்றோல் வந்த பிறகு யாரும் அதைத் திருப்பி மாற்றவில்லை. "மைனர் எண்டால் இப்பிடித்தான் இழுக்கும்" என்றே அப்பா இத்தனை வருடம் ஓடினார்.

ஒரு காஸ்கற் போட்டு 8.3 என்ற பழைய அழுத்த விகிதத்துக்குக் கொண்டுவந்தோம். வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்கும் பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் வைத்து, தீப்பொறி நேரத்தைப் பெற்றோலுக்கு ஏற்றபடி திருத்தினோம். காபரேற்றரைக் கழுவினோம். செலவு ரயர் ஒன்றின் விலைகூட வரவில்லை. ஆனால் காரில் நான் உணர்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

மண்ணெண்ணெய் இன்னொரு சேதத்தையும் செய்யும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக வடிந்து ஒயிலை நீர்க்க வைக்கும். அதனால் றிங்கும் பெயரிங்கும் தேயும். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சினைச் சோதிக்காமல் அதற்கு வலுக் கூட்டுவது ஆபத்து.

இன்னும் வலு வேண்டுமென்றால் பிந்திய மைனரின் 1098 சீசீ எஞ்சின் 48 குதிரைவலு தரும். 1962இல் அந்த எஞ்சினைப் போட்டபோது கம்பனி முன் பிறேக் ட்றம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கியது. எஞ்சினை மட்டும் மாற்றி பிறேக்கை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியவும் வேண்டும். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆவணமில்லாத எஞ்சினை வாங்கினால் பின்னர் விற்கவும் முடியாது.

வேலை முடிந்த அன்று அப்பாவை முன் இருக்கையில் ஏற்றி நாவற்குழிப் பாலம் வரை போனோம். கொஞ்சத் தூரம் பேசாமல் இருந்தவர், "இவ்வளவு இழுவை இதுக்கு இருந்ததோ?" என்று கேட்டார். மிச்சமிருந்த பணத்தில் இப்போது சீற் பெல்ற் பூட்டியிருக்கிறோம். இரட்டைக் காபரேற்றர் பட்டியல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு அவசரமில்லை.