வேலையில் அடிபட்டதா? முதல் நாளே இதைச் செய்யுங்கள்

மின்கம்பத்தில் லைன் சரிசெய்யும்போது, டிப்போவில் பஸ் டயர் மாற்றும்போது, கழிவுநீர் லாரியில் குழாய் மாட்டும்போது... அடிபட ஒரு நொடி போதும். ஆனால் இழப்பீடு கிடைக்குமா என்பது, முதல் நாளில் எழுதப்படும் சில வரிகளைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. அந்த வரிகளைச் சரியாகப் பதிவு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மருத்துவமனையில்

"எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்பார். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா, கேஸ் எதுக்கு?" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. நீங்கள் சொல்வதுதான் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பிறகு அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாவற்றையும் வாங்கி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அலுவலகத்தில்

மேலதிகாரியிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. தேதி, நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

உங்களுக்கு எந்த வழி?

நிரந்தர அரசு ஊழியர்: பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கு, அடிப்படை விதி 83, 83-ஏ ஆகியவற்றின்கீழ் சிறப்பு இயலாமை விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றின் அடிப்படையில் அதிகபட்சம் 24 மாதங்கள். உங்கள் சொந்த விடுப்பைக் கழிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். பாதிப்பு 3 மாதத்துக்குள் தெரியவந்திருக்க வேண்டும், தாமதிக்காமல் தெரிவித்திருக்கவும் வேண்டும் என்பது விதி.

இ.எஸ்.ஐ. உள்ளவர்: இழப்பீடு இ.எஸ்.ஐ. வழியாகத்தான் வரும். தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90% கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளர்: தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையரிடம் மனு செய்யலாம். 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் வருகிறது. "நான் கான்ட்ராக்ட் ஆள்தானே" என்று விட்டுடாதீங்க. ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தாலும், வேலையைக் கொடுத்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்த விபத்தும், பணியோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால் கணக்கில் வரும்.

எவ்வளவு கிடைக்கும்?

முழு நிரந்தர இயலாமை என்றால் மாதச் சம்பளத்தில் 60%, மரணம் என்றால் 50%. இதை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் ரூ.15,000 என்றால், 9,000 × 184.17 = ரூ.16,57,530. பகுதி இயலாமைக்கு இதில் ஒரு விழுக்காடு: கட்டைவிரல் போனால் 30%, அதாவது ரூ.4,97,259. சிகிச்சைச் செலவு தனி.

இழப்பீடு ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் 12% வட்டி சேரும். தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்றால் 50% வரை அபராதமும் விதிக்கலாம்.

இதையும் மறக்காதீங்க

* மனு செய்ய 2 ஆண்டு அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கப்படலாம்.
* விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலும் மனு தரலாம்.
* மரணம் நேர்ந்தால், இழப்பீட்டுத் தொகையை அலுவலரிடம்தான் செலுத்த வேண்டும். "இதை வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க" என்று வீட்டுக்கு யாராவது வந்தால், குடும்பத்தினர் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

உடன் வேலை செய்பவருக்கு அடிபட்டிருக்கிறதா? இந்தப் பக்கத்தை இன்றே அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். சாட்சியாக உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.