கூலி எந்த வங்கிக்குப் போகிறது?

நூறு நாள் வேலைக்கான கூலியை ஆதார் வழியாக மட்டுமே அனுப்புவதற்கு ஒன்றிய அரசு வைத்த கெடு, பலமுறை தள்ளிப்போன பிறகு, 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: “ஜாப் கார்டில் ஆதார் எண் ஏறிவிட்டது, வங்கியிலும் நகல் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் பி.டி.ஓ. ஆபீசில் ‘லிங்க் ஆகவில்லை’ என்கிறார்களே?”

இந்த இரண்டையும் தாண்டி இன்னொரு பட்டியல் இருக்கிறது. என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் அந்தப் பட்டியலை வங்கிக்காரர்கள் ‘மேப்பர்’ என்பார்கள். ஆதார் எண், அதற்கு எதிரே ஒரு வங்கியின் குறியீடு. கணக்கு எண் அதில் இருக்காது. கூலிக்கான உத்தரவு ஆதார் எண்ணோடு கிளம்பும். பட்டியல் எந்த வங்கியைக் காட்டுகிறதோ அங்கே பணம் போகும். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அந்த வங்கி பார்த்துக்கொள்ளும். கிளையில் நகல் கொடுத்தாலும் வங்கி இந்தப் பட்டியலில் ஏற்றாவிட்டால், கூலியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இல்லாததற்குச் சமம்.

இதில் கெட்டிக்காரத்தனம் இருப்பதை மறுக்க முடியாது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறிக் கூலி திரும்பிப்போகும் பழைய தொல்லை இதில் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக இணைத்த வங்கி முந்தையதை அழித்துவிடும். குழுக் கடனுக்காக ஒரு பெண் வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, படிவத்தோடு படிவமாக ஆதார் இணைப்புக்கும் கைநாட்டு வைத்தால் போதும், அடுத்த வாரக் கூலி அங்கே போய்விடும். அவர் பழைய பாஸ் புத்தகத்தோடு பழைய கிளைக்கு அலைவார். அலுவலகக் கணினியோ ‘பணம் சென்றுவிட்டது’ என்று காட்டும். தமிழ்நாட்டில் 2023-24-இல் நாளுக்கு 294 ரூபாய் கூலி. அதைத் தேடி ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் வேலை போகிறது.

இது கற்பனை பயமல்ல. 2017-இல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களின் பேரில், அவர்களது தெளிவான ஒப்புதல் இல்லாமல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குகள் தொடங்கப்பட்டன. பல லட்சம் பேரின் சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குத் திசைமாறியது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. 2018-இல் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இணைப்பை மாற்றும் உரிமை, கூலிக்கு உரியவரின் கையில் இருப்பதைவிட வங்கியின் கையில் அதிகம் இருக்கிறது என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

ஆதார் வழிக் கொடுப்பனவு 99.55 சதவீதம் வெற்றி என்று ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. பணம் ஏதோ ஒரு கணக்கில் சேர்ந்தாலே அந்தச் சதவீதத்தில் அது வெற்றி. உரியவர் கைக்கு வந்ததா என்பதை அது அளப்பதில்லை. 81.89 சதவீதத் தொழிலாளர்கள் இந்த முறைக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று சொன்னதும் அதே அறிக்கைதான். கடந்த சில ஆண்டுகளில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. இதற்கிடையில் 2021-22-இல் 1.49 கோடியாக இருந்த தொழிலாளர் பெயர் நீக்கம், 2022-23-இல் 5.18 கோடியாக உயர்ந்ததாக நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. போலி அட்டை, இறப்பு, இடம்பெயர்வு, ‘வேலை செய்ய விருப்பமில்லை’ எனக் காரணங்கள் சொன்னார்கள். இணைப்பு ஆகாதவர்களின் பெயரை அடித்துவிட்டால் சதவீதம் தானாக ஏறும். ஒருவரையும் விட்டுவிடமாட்டோம் என்று 2015-இல் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்ற நாடு, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்ற எண்ணை அல்லவா முதலில் வெளியிட வேண்டும்?

மற்ற கேள்விகள்:

ஆதார் இணைப்பு இல்லையென்றால் வேலை தரமாட்டார்களா? வேலை மறுக்கக் கூடாது, அதைக் காரணமாக்கி அட்டையையும் நீக்கக் கூடாது என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

ரேஷன் கடையில் கைரேகை வைத்தது போதாதா? போதாது, அது வேறு பட்டியல்.

என் கூலி எந்த வங்கிக்குப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைத் திறந்தால் வங்கியின் பெயர் வரும், ஆனால் ஆதாரில் பதிந்த செல்போன் எண் கையில் இருக்க வேண்டும்.

கூலி தாமதமானால்? வருகைப் பதிவேடு முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 0.05 சதவீத இழப்பீடு சட்டத்தில் இருக்கிறது.

வங்கியை மாற்ற வேண்டுமானால்? எந்தக் கணக்கில் கூலி வேண்டுமோ அந்தக் கிளையில் என்.பி.சி.ஐ. இணைப்புப் படிவம் என்று கேட்டு வாங்கி எழுதிக்கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.